லம்ப் ஓர் ஊரின் பெயர் அல்ல

மூன்று கிழமைக்கு முன் துஷி ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள். கதிரை மட்டும்தான் பழையது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை இப்போது மெஷின் பார்க்கிறது. மெஷின் எழுதியதைச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்தத் தாளில், கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்து மீனவர் ஒருவர், தாங்கள் கரையை விட்டு வெளிக்கிட்டது 'டேர்க்கிஷ்' நேரத்தில் என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, துருக்கி நேரம் எண்டால் என்ன நேரம்? அங்கை துருக்கிக்காரரும் இருக்கினமோ?" என்று கேட்டிருந்தாள்.

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், என் சமையலறையில் தனியே நின்று சிரித்தேன். அவர் சொன்னது டக்கிஷ். பொழுது பட்டு, இருட்டு முழுதாக வராமல், எதிரே வருபவரின் உருவம் தெரியும், முகம் தெரியாது என்றிருக்குமே, அந்த நேரம். இங்கிலீசிலேயே பிறந்து வளர்ந்தவர் பலருக்கும் அந்தச் சொல் தெரியாது. துஷிக்கு ஒரே சொல்லில் பதில் போட்டேன்: "மைமல்."

"அட!" என்றாள். பிறகு, "உங்கடை அந்தச் சொல்லுக் கொப்பியை எனக்கு ஒருக்கால் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டாள். கொப்பியை அப்படியே பிரதி பண்ணுவதில் எனக்கு உற்சாகம் இல்லை. அது எதற்குப் பயன்பட்டது என்பதை எழுதலாம்.

புவாண்ட்-கிளேரில், பெரிய கடைத்தொகுதி ஒன்றின் பின்பக்கத்தில், பண்டகசாலை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இருபத்தாறு வருடம் காலையில் மெட்ரோ, பிறகு பஸ், பின்னேரம் பஸ், பிறகு மெட்ரோ. கப்பல் மோதினாலும், வள்ளம் மூழ்கினாலும், துறைமுகத்தில் ஆள் விழுந்தாலும், விசாரிக்கப் போகிறவர்கள் சாட்சிகளின் பேச்சைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்போம். பிரெஞ்சுப் பதிவுகள் பிரெஞ்சுக்காரப் பெண்களுக்கு. நல்ல இங்கிலீசு, முன்னால் வந்து சேர்ந்த இருவருக்கு. அத்லாந்திக் கரை மீனவர்களின் இங்கிலீசை ஒருவரும் தொடமாட்டார்கள். புதிதாக வந்தவள் தலையில் கட்டுவது எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் பொதுவான பழக்கம். என் தலையில் கட்டினார்கள்.

ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சாளராக இருந்தவள் நான். விரல் ஓடும். காதுதான் ஓட மறுத்தது. முதல் ஆறு மாதம் அழுகை, அடுத்த ஆறு மாதம் கோபம். அதற்குமேல் சொல்ல அந்த வருடத்தில் ஒன்றும் இல்லை.

வேலையின் முறை இது. காதில் ஹெட்போன். காலடியில் பெடல், மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும், குதியால் அழுத்தினால் பின்னால் போகும். விளங்காத இடத்தை மூன்று தடவை கேட்கலாம். மூன்றாவதிலும் விளங்காவிட்டால் நிமிடத்தையும் செக்கனையும் குறித்து, விளங்கவில்லை என்று போடவேண்டும். சாட்சி இலக்கணப் பிழை விட்டால் பிழையோடேயே எழுதவேண்டும். இருமினால் இருமல், அழுதால் அழுகை. கடைசிப் பக்கத்தில், இது உண்மையானதும் சரியானதுமான எழுத்துப்படி என்று ஒரு வசனம் இருக்கும். அதன்கீழ் நாங்கள் கையெழுத்து வைப்போம். அந்தக் கையெழுத்து இல்லாத தாளை விசாரணைக்காரர் தொடவும் மாட்டார்கள்.

எங்களுக்கு மேலே மதாம் ஓதெத். சின்ன உருவம், வெட்டிவிட்ட நரைமுடி, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. எங்கள் தாள்களைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்வார். மற்றக் காது எங்களுக்கு. வரிக்குக் கீழே ஒரு அலுமினிய அடிமட்டத்தை, கோடு போடும் அளவுகோலை, வைத்து, பேச்சு ஓட ஓட அதை ஒவ்வொரு வரியாக இறக்குவார். அடிமட்டம் நின்றால் யாருக்கோ கெட்டகாலம். பத்தேகால் மணிக்கு ஒரு ஆப்பிளை எட்டுத் துண்டாக வெட்டித் தின்பார். ஒன்பதாவது துண்டை எவரும் கண்டதில்லை.

அவர் சொல்லுவது பிரெஞ்சில். நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். "மதாம், கேட்டதை எழுதுங்கோ. விளங்கினதை எழுதாதேங்கோ." இருபத்தாறு வருடத்தில் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று ஒரு கணக்கும் இல்லை. வேலை திருத்தமாக இருந்தால் 'பொன்' என்று ஒரு சொல். பிரெஞ்சில் அதற்கு 'நல்லது' என்றுதான் பொருள். என் காதில் அது பொன்னாகவே விழுந்தது. மாதத்துக்கு ஒரு பொன் கிடைத்தால் பெரிய காரியம்.

என் முதலாவது குட்டு வாட்டர் பப்ஸில் விழுந்தது. ஒரு மீனவர் தன் மணிக்கட்டில் வாட்டர் பப்ஸ் என்றார். பப்ஸ் என்றால் நாய்க்குட்டிகள். மணிக்கட்டில் நாய்க்குட்டி எப்படி வரும்? புத்திசாலித்தனமாக 'கப்ஸ்' என்று எழுதினேன். மணிக்கட்டில் கோப்பை வருமா என்று யோசிக்கவில்லை. அடிமட்டம் நின்றது.

"இவர் என்ன எழுத்திலை தொடங்கிறார், மதாம்?"

"பி மாதிரித்தான் கேட்டது..."

"கேட்டதோ? பிறகேன் சி போட்டனீங்கள்?"

பிறகொரு பதிவில் இன்னொருவர் விளக்கமாகச் சொன்னார். எண்ணெய்ச் சட்டையின் கைவிளிம்பு உப்புத் தண்ணீரோடு உராய்ந்து உராய்ந்து மணிக்கட்டில் கொப்புளம் போடும். அந்தக் கொப்புளத்துக்குப் பெயர் அது. அன்றைக்குப் பின்னேரம் மருந்துக்கடையில் ஒரு கொப்பி வாங்கினேன். அதற்குப்பிறகு புதிய சொல் வந்தால், சொன்னவரின் முழு வசனத்தோடு அதில் ஏறும். 'ஐயாம் ஆஃப்ரர் ரெலிங் யூ' என்பார்கள். சொல்லப் போகிறார் என்று பள்ளிக்கூட இங்கிலீசு நினைக்கும். அவர் சொல்லி முடித்துவிட்டார். எங்கள் 'சொல்லிப்போட்டன்' அது. ஒடுங்கிய கடல்வழிக்கு டிக்கிள் என்று பெயர். அகராதியில் பார்த்தால் கிச்சுக்கிச்சு மூட்டுவது என்றிருக்கும். அந்தக் கரையில் பாதி ஊர்கள் இப்படியான பெயரோடு இருக்கின்றன. இரண்டு வருடத்தில், பிரெஞ்சுக்காரப் பெண்கள் மட்டுமில்லை, நல்ல இங்கிலீசுக்காரிகளே என் மேசைக்கு வந்து, "சரா, இந்தாள் என்ன சொல்லுது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்தப் பெருமை உச்சியில் இருந்த காலத்தில்தான் லியாண்டரின் பதிவு வந்தது.

லியாண்டர் என்பவர் சின்ன வள்ளமொன்றின் உரிமையாளர், ஓட்டியும் அவரே. அவரும் தம்பி சிரிலும் வசந்தகாலத்தில் ஒருநாள் கடலுக்குப் போனார்கள். வள்ளம் கவிழ்ந்தது. லியாண்டரை இன்னொரு வள்ளம் வந்து தூக்கியது. சிரில் போய்விட்டார். உடல் கிடைத்தபோது மிதவைச் சட்டை மேலில் இல்லை. விசாரணையாளர் மறுநாளே ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் வைத்து லியாண்டரிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார். பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் பீப், பீப் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. லியாண்டரின் குரல் கரகரத்துப் போயிருந்தது. அவருடைய பேச்சை என் ஊர்ப் பேச்சிலே எழுதுகிறேன். வேறு தமிழில் எழுதினால் அது அவராக இருக்காது.

"வள்ளம் அந்த நேரம் மீன்பிடியிலை ஈடுபட்டிருந்ததோ?"

"இல்லை, சேர்! மீன்பிடிக்கேல்லை. சத்தியமாய் இல்லை."

"அப்ப எங்கை போனனீங்கள்?"

"நானும் சிரிலும் லம்புக்குப் போனனாங்கள்."

"தம்பி மிதவைச் சட்டை போட்டிருந்தவரோ?"

"ஓம். நான்தான் கொளுவி விட்டனான். அவன்ரை மணிக்கட்டெல்லாம் வாட்டர் பப்ஸ். விரல் மடக்க ஏலாது. நான்தான் ரெண்டு பட்டியையும் கொளுவினனான்."

முடிவில் லியாண்டர் ஒரு கேள்வி கேட்டார். "சிரிலின்ரை மனிசிக்கு என்ன சொல்லப் போறியள்?" அறிக்கை வரும், அதன் பிரதி அவவுக்கும் போகும் என்றார் விசாரணையாளர்.

எழுதி முடித்துக் கையெழுத்து வைத்தேன். விளங்காத இடம் என்று ஒன்றுகூட இல்லை. மதாம் ஓதெத் அடிமட்டத்தைக் கடைசி வரி வரைக்கும் இறக்கிவிட்டு, "பொன்" என்றார்.

ஐந்தாறு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை, விசாரணையாளர் தன் அறிக்கையை வாயால் சொல்லிப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்பினார். அதோடு, மீட்கப்போன வள்ளக்காரரின் வாக்குமூலமும் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் எழுதி முடித்து அனுப்பவேண்டும். அறிக்கையை முதலில் போட்டேன்.

லியாண்டர் மீன்பிடிக்கவில்லை என்கிறார்; ஆனால் வள்ளம் கவிழ்ந்த இடத்தில் வலை மிதந்தது, மீன் சினை நிறைந்த பீப்பாயும் எடுக்கப்பட்டது. 'லம்ப்' என்ற இடத்துக்குப் போனதாகச் சொல்கிறார். கடல்வரைபடத்தில் அப்படியொரு இடம் எங்குமே இல்லை. இரண்டு விஷயத்தில் பொய் சொன்னவர் மூன்றாவதில் உண்மை சொல்வார் என்று கொள்ளமுடியாது. ஆகவே தம்பிக்கு மிதவைச் சட்டையைத் தானே கொளுவிவிட்டதாக அவர் சொல்வதை ஏற்பதற்கில்லை.

என் விரல்கள் எழுதிக்கொண்டு போயின. தட்டச்சுக்காரியின் விரலுக்குப் பொருள் தெரியாது. பத்தி முடிந்த பிறகுதான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அந்தத் தாளைச் சிரிலின் மனைவி வாசிப்பார். தன் புருஷனை மிதவைச் சட்டை இல்லாமல் கடலுக்குக் கூட்டிப்போய்ச் சாகவிட்டு, அதற்கு ஒரு பொய்யும் சொன்னவன் இவன் என்றுதான் மைத்துனரைப் பற்றி நினைப்பார். மறுத்துச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

அடுத்து மீட்ட வள்ளக்காரரின் பதிவைப் போட்டேன். நாலாவது நிமிடத்தில் அவர் சொன்னார்: "அவையின்ரை லம்ப் வலை மிதந்தது. எங்களைப்போலை அவையும் லம்புக்குத்தான் வந்தவை."

பெடலில் இருந்து காலை எடுத்தேன். இடத்துக்கு யாராவது வலை வைத்திருப்பார்களா? இறால் வலை, சூடை வலை, லம்ப் வலை. லம்ப் ஒரு மீன்.

லியாண்டரின் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அங்கே என் கைவேலை கிடந்தது. இங்கிலீசில் ஊர்ப்பெயர், ஆள்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும்; மீனின் பெயர் சின்ன எழுத்தில். தமிழில் அந்தத் தொல்லை கிடையாது. பொலிகண்டி என்ற ஊரும் பொரிவிளாங்காய் என்ற பலகாரமும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். டிக்கிள் என்று ஊர் இருக்குமென்றால் லம்ப் என்றும் இருக்கும் என்று நினைத்து, நான் பெரிய எல் போட்டிருந்தேன். விசாரணையாளர் அந்தப் பெரிய எழுத்தை நம்பி வரைபடம் முழுக்கத் தேடியிருக்கிறார். ஒரு மனிதனைப் பொய்யன் ஆக்கியதில் பாதிப் பங்கு எனக்கு.

மற்றப் பாதி, 'மீன்பிடிக்கேல்லை' என்ற பேச்சு. மீன் வலையோடு போனவர் ஏன் மீன்பிடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணவேண்டும்? கொப்பியை விரித்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கிழவர் சொன்ன வசனம் இருந்தது: 'வீட்டில் மீன் ஒன்றும் இல்லை, சமன்தான் கிடக்கிறது.' சமன் என்கிற சால்மனும் மீன்தானே என்று பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்து வைத்திருந்தேன்.

நான் சிரித்திருக்கக்கூடாது. என் அப்பா கரைவலை இழுத்தவர். பின்னேரம் யாராவது படலையில் நின்று, "ஏதும் மீன் பட்டதோ?" என்று கேட்டால், வள்ளம் நிறைய இறாலும் நண்டும் கிடந்தாலும், "சீச்சீ, மீன் படேல்லை" என்பார். இதற்குக் கரைக்குக்கூடப் போகத் தேவையில்லை. நாலு தோசையை விழுங்கிவிட்டு வந்தவரை, சாப்பிட்டாயா என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் சாப்பிடேல்லை, தோசைதான்" என்பார். சோறுதான் எங்களுக்குச் சாப்பாடு. அந்தக் கரையில் நூற்றாண்டுக்கணக்காகக் கொட் என்ற மீன்தான் சோறு. மீன் என்றால் கொட். மற்றவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர். அந்த நாட்களில் கொட் பிடிக்க அரசாங்கத் தடையும் இருந்தது. மீன்பிடித்தாயா என்று விசாரணையாளர் கேட்டது, தடையை மீறிக் கொட் பிடித்தாயா என்றுதான் லியாண்டர் காதில் விழுந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு பதறிக்கொண்டு சத்தியம் பண்ணியிருக்கிறார்.

மறுநாள் காலை தாள்களையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மதாம் ஓதெத்திடம் போனேன். ஆப்பிள் நேரம். மூன்றாவது துண்டு கையில் இருந்தது. முழுக்கக் கேட்டார்.

"பெரிய எல் உங்கடை பிழை" என்றார். "பிழைப் படிவம் நிரப்புங்கோ. மீன்பிடிக்கேல்லை எண்டது அவர் சொன்னது. அதிலை கை வைக்கேலாது."

"மதாம், எழுத்தை மட்டும் திருத்தி அனுப்பினால், லம்ப் மீன் எண்டு விளங்கும். அப்ப மீன்பிடிக்கேல்லை எண்டது இன்னும் பெரிய பொய்யாய் அல்லோ தெரியும்!"

"அது எங்கடை வேலையில்லை. நாங்கள் விளக்கம் சொல்லுறேல்லை."

"ஒரு மனிசன்ரை தலை போகுது, மதாம்."

"நாங்கள் ஒருக்கால் விளக்கம் சொல்லத் தொடங்கினால், நாளைக்கு எல்லாப் பிள்ளையளும் விளக்கம் சொல்லுவினம். அண்டைக்கு நீங்கள் கப்ஸுக்கும் விளக்கம் வைச்சிருந்தனீங்கள்."

அது சுட்டது. உண்மை என்பதால்தான் சுட்டது. திரும்பிப் போகிறவள்தான் நான் அந்த நாட்களில். ஆனால் திரும்பவில்லை.

"கேட்டதை எழுது எண்டு சொன்னனீங்கள். பெரிய எழுத்துக் காதிலை கேக்குமோ, மதாம்? லம்ப் எண்டு அவர் சொல்லேக்கை அது பெரிசோ சின்னனோ எண்டு உங்களுக்குக் கேட்டதோ? நீங்களும் அந்த வரியிலை அடிமட்டத்தை வைச்சு இறக்கினனீங்கள். பொன் எண்டும் சொன்னனீங்கள். அண்டைக்கு நாங்கள் ரெண்டுபேரும் விளங்கினதைத்தான் எழுதினனாங்கள். அதைத் திருத்தாமல் இந்த அறிக்கைக்கு என்னாலை கையெழுத்து வைக்க ஏலாது."

அவரோடு அப்படி ஒருவரும் கதைத்ததில்லை. பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. வேலை போனால் என்ன செய்வது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. லாசாலில் என் மச்சாள் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலைக்கு எந்த பஸ் போகும் என்று மனம் யோசித்தது.

மதாம் ஓதெத் ஆப்பிள் துண்டைத் தட்டில் வைத்தார். லியாண்டரின் பதிவை எடுத்து, அந்த இடத்தை மூன்று தடவை கேட்டார். இந்த முறை ஹெட்போன் இரண்டு காதிலும் இருந்தது. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிழைப் படிவத்தை எடுத்தார். அதில் நாலு கட்டம்: பக்கம், இருந்தது, இருக்கவேண்டியது, திருத்தத்தின் காரணம். கடைசிக் கட்டத்தை ஒருவரும் முழுதாக நிரப்புவதில்லை. தட்டச்சுப் பிழை என்று ஒரு சொல் போடுவதோடு சரி.

அடிமட்டத்தை அந்தக் கட்டத்தின்மேல் வைத்து அளந்தார். "இதிலை ஒரு வரி இருக்கு. காரணம் எழுத உங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு வரிதான், மதாம். ரெண்டாவது வரி விளக்கம்."

அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒன்றரை நாள் போனது. இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய ஒரேயொரு சொந்த வசனம் அது. மற்ற எல்லாம் மற்றவர்கள் பேசியது. முதலில் சோற்றையும் தோசையையும் பற்றி எழுதினேன். மதாம் ஓதெத் பென்சிலால் வெட்டினார். தடையைப் பற்றி எழுதினேன். "அது அவருக்குத் தெரியும்" என்று வெட்டினார். "நான் நினைக்கிறேன்" என்று தொடங்கினேன். "நீங்கள் நினைக்கிறது ஆருக்கு வேணும்? எங்கை கேட்டனீங்கள்? அதைச் சொல்லுங்கோ" என்றார். கொப்பியைப் புரட்டி, அதே கரையிலிருந்து வந்த பழைய பதிவுகளை அலுமாரியிலிருந்து இறக்கி, நானும் அவரும் ஆளுக்கொரு ஹெட்போனோடு இருந்து கேட்டோம். வெள்ளி மத்தியானம் வரைக்கும் அவர் ஆப்பிள் வெட்டவில்லை.

கடைசியில் வந்த வரி இது: 'லம்ப் ஒரு மீன்வகை, இடப்பெயர் அல்ல, இக்கரைச் சாட்சிகள் மீன் என்பது கொட் ஒன்றையே, இணைத்த மூன்று பக்கங்களைப் பார்க்க.' எழுத்தளவைச் சின்னதாக்கி ஒரு வரிக்குள் அடக்கினேன். கீழே கையெழுத்து வைத்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து பிழைப் படிவம் வெளியே போனால் விசாரணைக்காரரோடு உள்ள ஒப்பந்தமே போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மதாம் ஓதெத் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை, ஓரத்தில்தான் எழுதவேண்டியிருந்தது.

இரண்டு கிழமை ஒரு செய்தியும் இல்லை. நான் மெட்ரோவில் நிற்கும்போதுகூட அந்த வரியை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிழமை ஒரு பதிவு வந்தது. விசாரணையாளர் இந்தமுறை நேரே லியாண்டரின் வீட்டுக்குப் போயிருந்தார். கேத்தில் கொதிக்கும் சத்தமும், கோப்பை வைக்கும் சத்தமும் கேட்டன. மதாம் ஓதெத் அதை என் மேசையில் வைத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"லம்ப் எண்டது மீனோ?" என்று கேட்டார் விசாரணையாளர்.

"லம்ப் எண்டால் லம்ப், சேர்."

"மீன் இல்லையோ?"

"மீன் எண்டால் மீன். லம்ப் எண்டால் லம்ப். சினையை எடுத்துப்போட்டு மிச்சத்தை எறியிற சாமான்."

"அண்டைக்கு ஏன் இதைச் சொல்லேல்லை?"

"சொன்னனானே! லம்புக்குப் போனனாங்கள் எண்டு சொன்னனான். மீன்பிடிச்சனியோ எண்டு கேட்டியள். மீன்பிடிக்கிறது தடை எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்ரை தம்பி செத்த அடுத்தநாள் என்னைக் கள்ளன் எண்டு கேக்கிறியள் எண்டல்லோ நான் நினைச்சன்."

பதினெட்டுச் செக்கன் மௌனம் என்று குறித்தேன். பிறகு விசாரணையாளர் மிதவைச் சட்டையைப் பற்றி மறுபடி கேட்டார். லியாண்டர் முதல் சொன்னதையே சொன்னார், ஒரு சொல் மாறாமல். மணிக்கட்டு, வாட்டர் பப்ஸ், இரண்டு பட்டி. விசாரணையாளர் இந்த முறை, எந்தப் பட்டி பழையது, எது இற்றுப்போயிருந்தது என்று மெதுவாகக் கேட்டார். நம்புகிறவர் கேட்கிற விதமாக இருந்தது அது. அறிக்கையை மாற்றி எழுதப் போவதாகவும், தம்பிக்குச் சட்டையைக் கொளுவி விட்டது நீங்கள்தான் என்று அதில் இருக்கும் என்றும் சொன்னார். லியாண்டர் அழுதார். அழுகை என்று எழுதினேன். எழுதும்போது எனக்கும் வந்தது. தட்டச்சுப் பலகையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதிவு முடியப் போகிறது என்று நினைத்து நிறுத்தக் காலைத் தூக்கப் போனேன். லியாண்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மொன்றியலிலை எங்கடை பதிவுகளைத் தட்டச்சு செய்யிற ஒரு பொம்பிளை."

"அவ ஆற்றை ஆள்?"

"ஒரு கொம்பனியிலை வேலை செய்யிறா."

"அதில்லை, சேர். அவ ஆற்றை பிள்ளை எண்டு கேக்கிறன்."

"அது எனக்குத் தெரியாது" என்றார் விசாரணையாளர். பதிவு நின்றது.

மொன்றியல் வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோயிலில், கலியாண மண்டபத்தில், மெட்ரோ வாசலில். "ஊரிலை எந்தப் பக்கம்? ஆற்றை ஆள்?" யாருடைய ஆள் என்ற அந்தக் கேள்விக்குள் ஒரு தூண்டில் இருக்கும். கரை ஆட்களா, மேலே உள்ள ஆட்களா என்று சாதி பார்க்கிற தூண்டில். பருத்தித்துறைப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயம் அது ஒன்றுதான்.

லியாண்டர் கேட்டதில் தூண்டில் இல்லை. தனக்கு நல்லது செய்த பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரு மீனவரின் கேள்வி அது. குதியால் பெடலை அழுத்திப் பின்னால் போனேன். அவ ஆற்றை பிள்ளை? இன்னொரு தடவை. அவ ஆற்றை பிள்ளை? மூன்று தடவை கேட்கலாம். மூன்றாவதும் கேட்டேன்.

"பொலிகண்டி" என்றேன். "கரைவலைச் சின்னராசாவின்ரை மூத்த மகள்."

ஹெட்போன் போட்டிருப்பவருக்குத் தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாது. எல்லா மேசைகளும் திரும்பிப் பார்த்தன. "என்ன சொன்னனீங்கள், மதாம்?" என்று கேட்டார் மதாம் ஓதெத். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்கு விளங்காது என்று தெரிந்தும், தமிழிலேயே இன்னொரு முறை சொன்னேன்.